மரங்கொத்தியை மூக்கிலிருந்து அடையாளம் காணுங்கள்: திருகோணமலைக்கான முழுமையான வழிகாட்டி

"அண்ணை, முதுகு நல்ல சிவப்பு."

"இல்லையடா, மஞ்சள். நான் வடிவாப் பார்த்தனான்."

கன்னியா வீதியோரம் ஒரே மரத்தில் ஒரே மரங்கொத்தியைப் பார்த்துவிட்டு இரண்டு பொடியன்கள் இப்படி வாதாடினார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவன் வெயில் பட்ட பக்கத்தில் நின்றான், மற்றவன் நிழல் பக்கத்தில் நின்றான். பறவையின் முதுகோ உண்மையில் இரண்டுக்கும் இடைப்பட்ட செம்மஞ்சள்.

நான் கூட்டிப்போன புதியவர்களில் அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். மரங்கொத்தி என்றதும் கண் நேரே முதுகுக்குப் போய்விடுகிறது. இலங்கையின் வேறு பகுதிகளில் அது ஓரளவு சரிவரலாம். திருகோணமலையில் சரிவராது. இங்கே முதுகு கடைசியில்தான் வர வேண்டும். மூக்கு, தொண்டை, உச்சந்தலை என்று ஓர் ஒழுங்கில் பார்த்தால் சில விநாடிகளில் இனத்தைச் சொல்லிவிடலாம். அந்த ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. புறப்படும் முன்

ஒரு பைனாகுலர் வேண்டும். 8×42 என்று போட்டிருப்பது போதும். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, நாற்பத்திரண்டு என்பது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். பத்து மடங்கு வாங்கினால் இன்னும் நல்லதுதானே என்று பலர் கேட்பார்கள். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும், தெரியும் பரப்பும் குறுகும். மரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும் பறவைக்கு அகலமான பார்வைதான் உதவும்.

பைனாகுலரை வாங்கின கையோடு காட்டுக்குப் போகாதீர்கள். வீட்டு முற்றத்தில் நின்று தென்னை வட்டில் ஒரு காய்ந்த பாளையைக் குறிவைத்துப் பழகுங்கள். முதலில் வெறுங்கண்ணால் அந்தப் பாளையைப் பாருங்கள். பார்வையை அதிலிருந்து எடுக்காமலே பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு மறுபடி மரத்தைத் தேடுகிறவர் பறவையைத் தொலைத்துவிடுவார். ஒரு நாளைக்குப் பத்து நிமிடமாக ஒரு கிழமை பழகினால் கை தானாகப் போகும்.

வலக்கண் பக்கம் சிறிய வளையம் ஒன்று இருக்கும். வலக்கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, அந்தச் சிறிய வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் "தலையிடிக்குது" என்று கருவியைத் திருப்பித் தந்தவர்கள் எத்தனையோ பேர்.

ஒரு சின்னக் கொப்பி, ஒரு பென்சில். மழைக்காலத்தில் பேனா மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும்.

அப்புறம் பாதுகாப்பு. ஹபரணை வீதி, கந்தளாய், சேருவில, முதலிக்குளம் பக்கங்களில் யானை நடமாட்டம் உண்டு. மரங்கொத்தி பார்ப்பவர் மேலே பார்த்தபடி நடப்பார், அதனால் முன்னால் நிற்பதைக் கவனிக்கமாட்டார். தனியே போகாதீர்கள். ஒருவர் மேலே பார்த்தால் மற்றவர் கீழேயும் சுற்றிலும் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து பறவையைப் பார்க்கத் தொடங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

காப்புக் காடு, சரணாலயம் என்றால் அனுமதி தேவையா என்று வன, வனசீவராசிகள் அலுவலகங்களில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடற்படை, இராணுவ முகாம் வேலிகளுக்கு அருகில் பைனாகுலரை எடுக்கவே வேண்டாம். எவ்வளவு நல்ல பறவை வேலிக்கு அப்பால் நின்றாலும் சரி.

2. முதலில் வளவு, பிறகு காடு

புதியவர்கள் நேரே காட்டுக்குத்தான் போக ஆசைப்படுவார்கள். நான் அப்படிக் கூட்டிப்போவதில்லை. முதலில் தென்னையும் பனையும் நிற்கும் வளவுகளில் தொடங்குவேன். நிலாவெளி, உப்புவெளி, தம்பலகாமம் எங்கும் அப்படிப்பட்ட வளவுகள் இருக்கின்றன. வளவுக்கு வரும் மரங்கொத்தி பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கும்: ஆறாம் பகுதியில் சொல்லும் பொன்முதுகு, செம்முதுகு வகை. அந்தச் சாதாரண மரங்கொத்தியைப் பத்துத் தடவை நன்றாகப் பார்த்தவருக்கு, காட்டில் வேறொன்று வந்தால் "இது அது இல்லை" என்று உடனே தெரியும். தெரிந்தது ஒன்று இருந்தால்தானே தெரியாததை அதோடு ஒப்பிடலாம்.

காட்டுக்குப் போகும்போது பச்சைப் பசேலென்ற இடத்தைத் தேடாதீர்கள். நின்றபடி பட்டுப்போன மரங்களைத் தேடுங்கள். மேல் கொப்பு காய்ந்த பாலை, உச்சி முறிந்த வீரை, குளக்கரையில் பாதி பட்ட மருது. காய்ந்த மரத்தில் புழுவும் எறும்பும் கறையானும் இருக்கும், மரமும் கொத்த இலகுவாக இருக்கும். ஒரு பட்ட மரத்தைக் கண்டுபிடித்து அதற்கு இருபது முப்பது மீற்றர் தள்ளி அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது, இரண்டு மணி நேரம் நடப்பதைவிட மேல்.

நேரம் காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை. யானைப் பகுதியென்றால் வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும் வரும், ஆனால் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும்.

உட்காரும் இடத்தைச் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு தெரிவு செய்யுங்கள். சூரியனுக்கு எதிரே பார்த்தால் பறவை வெறும் கறுப்பு நிழல்தான். இதற்காகவே நான் காலையில் மரத்தின் கிழக்குப் பக்கத்துக்குச் சுற்றிப்போய் உட்காருவேன், கொஞ்சம் முள் குத்தினாலும்.

3. காது முந்தட்டும்

மரங்கொத்தி மூன்று விதமாகச் சத்தம் போடும். மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள்.

ஒன்று, இரை தேடிக் கொத்துவது. டொக், டொக்டொக், சற்று நிறுத்தி மறுபடி டொக். ஒழுங்கே இருக்காது. கூடவே கீழே பட்டைத் துண்டுகள் விழும் சரசரப்பும் கேட்கும். காற்றில்லாத காலையில் இந்தச் சரசரப்புத்தான் பறவை நிற்கும் மரத்தைச் சரியாகக் காட்டித்தரும். அடிமரத்தைப் பாருங்கள். புதிதாக விழுந்த மரத்தூள் வெளிர் நிறத்தில் கிடந்தால், நிமிர்ந்து நேர்மேலே பாருங்கள்.

இரண்டு, முரசு. காய்ந்த கொப்பில் ஒரே சீராக, மிக வேகமாக அடிப்பது. இது இரைக்காக அல்ல, "இது என் இடம்" என்று மற்ற மரங்கொத்திகளுக்கு அறிவிப்பதற்கு. முரசு கேட்ட மரத்துக்கு அந்தப் பறவை திரும்பவும் வரக்கூடும். அதனால் மரத்தைக் குறித்து வையுங்கள்.

மூன்று, குரல். இங்கே சாதாரணமாகக் காணும் மரங்கொத்தி பறக்கும்போது கி-கி-கி-கிர்ர்ர் என்று கனைப்பதுபோல் கத்தும். இதை வெண்மார்பு மீன்கொத்தியின் குரலோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. மீன்கொத்தி கத்தும்போது ஒவ்வொரு ஒலியும் பிரித்துக் கேட்கும், போகப்போகக் கீழிறங்கும். மரங்கொத்தியின் ஒலி நெருக்கமாக உருளும்.

இன்னொரு பெரிய குழப்பம் டுக்... டுக்... டுக்... என்று மணிக்கூடு அடிப்பதுபோல் நீண்ட நேரம் கேட்கும் சத்தம். "மரங்கொத்தி கொத்துது" என்று கிட்டத்தட்ட எல்லோரும் சொல்வார்கள். அது செம்மார்புக் குக்குறுவான். மரத்தில் கொத்தும் சத்தமே அல்ல, தொண்டையிலிருந்து வரும் குரல். இடைவெளி மாறாமல் ஒரே சீராகக் கேட்டால் குக்குறுவான், விட்டு விட்டு ஒழுங்கில்லாமல் கேட்டால் மரங்கொத்தி.

நம் மாவட்டத்தில் கந்தளாய், சேருவில பக்கம் சிங்களம் பேசும் ஊர்க்காரரிடம் வழி கேட்கும்போது இந்த இரண்டு சொற்களும் உதவும்: கேறலா என்றால் மரங்கொத்தி, கொட்டோறுவா என்றால் குக்குறுவான். காட்டோரத்தில் மாடு மேய்ப்பவருக்கு எந்த மரத்தில் எது இருக்கிறது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

4. மரங்கொத்திதானா என்று உறுதிசெய்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தலையில் விசிறிக் கொண்டையும் நீண்ட அலகும் கண்டவுடன் மரங்கொத்தி என்று சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூட மைதானத்துப் புல்லில் நடந்து நடந்து மண்ணைக் குத்திக்கொண்டிருக்கும், இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அந்தப் பறவை கொண்டலாத்தி. அது மரங்கொத்தியே அல்ல. அலகு மெலிந்து கீழ்நோக்கி வளைந்திருக்கும். அதைக்கொண்டு மரத்தைத் துளைக்க முடியாது.

மரங்கொத்தியென்றால் அலகு நேராக, உளிபோல் இருக்கும். பறவை செங்குத்தான மரத்தில் தலை மேலே, வால் கீழே என்று ஒட்டி நிற்கும். வாலை மரத்தில் ஊன்றியிருக்கிறதா என்று பாருங்கள். வால் இறகுகள் விறைப்பானவை, மூன்றாவது கால்போல் உடம்பைத் தாங்குபவை. அந்த ஊன்றுதல் இல்லாமல் அலகை அவ்வளவு வேகமாக அடிக்க முடியாது. ஒரு தடவை கன்னியாப் பக்கம் பத்து மீற்றருக்குள் பட்ட பாலையில் ஒரு பெண் பறவை வந்து நின்றது. வாலின் நடு இறகுகளின் நுனி இரண்டும் தேய்ந்து, பழைய விளக்குமாற்று ஈர்க்குப்போல் பிரிந்திருந்ததைக் கண்டேன். ஒவ்வோர் அடிக்கும் முன்பு வால் மரத்தில் அழுந்தி வளைந்தது, பிறகுதான் தலை முன்னே போனது. அன்றிலிருந்து வாலைப் பார்க்காமல் நான் எதையும் மரங்கொத்தி என்று எழுதுவதில்லை.

மரத்தில் தலைகீழாக இறங்கும் சின்ன நீலப் பறவை கண்டால் அதுவும் மரங்கொத்தியல்ல, பசையெடுப்பான். மரங்கொத்தி தலைகீழாக நடந்து இறங்காது. இறங்க வேண்டுமென்றால் பின்னோக்கித் துள்ளித் துள்ளி இறங்கும்.

பறக்கும்போது சில தடவை சிறகடித்து, சிறகை உடம்போடு சேர்த்து மூடி, தாழ்ந்து, மறுபடி அடித்து எழும்பும். அலை அலையான பறப்பு. வயலுக்கு மேலே இப்படிப் போனால் தூரத்திலேயே சொல்லிவிடலாம்.

5. அளவைப் பிடித்தல்

இப்போது மூன்றில் எந்தத் தட்டு என்று தீர்மானியுங்கள்.

சிட்டுக்குருவி அளவென்றால் சிறிய பழுப்பு மரங்கொத்தி, ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர். கொண்டைக்குருவியைவிடச் சற்றுச் சிறிது, 17–18 சென்ரிமீற்றர், என்றால் மஞ்சள் உச்சி மரங்கொத்தி. மைனாவைவிடப் பெரிது, 26–30 சென்ரிமீற்றர், என்றால் பெரிய மரங்கொத்திகளில் ஒன்று.

அளவைத் தனியே பார்த்து ஊகிக்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் ஏதாவதொன்றோடு ஒப்பிடுங்கள். அதே மரத்தில் ஓர் அணில் ஓடினால் நல்ல அளவுகோல் கிடைத்துவிட்டது.

6. பெரிய மரங்கொத்திகளைப் பிரித்தல்

இதுதான் வழிகாட்டியின் நடுத்தண்டு. முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்வோம். திருகோணமலையில் முதுகு சிவப்பாகவோ பொன்னாகவோ இருக்கும் பெரிய மரங்கொத்தி கண்டால் அது நான்கில் ஒன்று:

பொன்முதுகு மரங்கொத்தி. இந்தியாவிலும் உள்ள இனம், இலங்கையில் யாழ்ப்பாணமும் வடக்கும் அதன் இடம்.

செம்முதுகு மரங்கொத்தி. இலங்கைக்கே உரியது, தெற்கு நோக்கிப் போகப் போக இதுதான்.

பெரிய செம்முதுகு மரங்கொத்தி. இதுவும் இலங்கைக்கே உரியது, பெரிய மரங்கள் உள்ள பழைய காட்டை விரும்புவது, ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் கூடுதல்.

வெண்பிடரி மரங்கொத்தி. உலர்வலயத்தில் அரிதாகக் காண்பது.

முதல் இரண்டும் நெருங்கிய உறவு, டைனோபியம் என்ற குடும்பப் பிரிவு. பின் இரண்டும் கிரைசோகோலாப்டீஸ். இந்த இரண்டு பிரிவையும் முதலில் வேறுபடுத்த வேண்டும், இனப் பெயர் பிறகு.

*அலகு.* முதல் பார்வை அலகுக்கு. கறுப்பா, தந்தநிறமா? பெரிய செம்முதுகின் அலகு வெளிறிய தந்த நிறம், நீண்டு தடித்தது. செம்முதுகுக்கும் பொன்முதுகுக்கும் ஈயக் கறுப்பு. ஏன் முதலில் அலகு? ஆண், பெண் இரண்டுக்கும் ஒன்றுதான், வெளிச்சம் மாறினாலும் தந்தநிறம் கறுப்பாகாது, மரத்துக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப்பார்க்கும்போதும் பெரும்பாலும் முதலில் தெரிவது அதுதான். ஒரு கவனம்: கறையான் புற்றைக் கொத்திவிட்டு வந்த பறவையின் அலகில் மண் ஒட்டிக் காய்ந்து வெளிறித் தெரியும். அலகின் நுனியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், முகத்தோடு சேரும் அடிப்பகுதியைப் பாருங்கள்.

*கண்.* கிட்ட இருந்தால் மட்டும். பெரிய செம்முதுகின் கண் வெளிர் மஞ்சள், முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும். செம்முதுகு, பொன்முதுகு இரண்டுக்கும் கண் இருண்டது. தூரத்தில் தெரியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், அதற்காக நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

*தொண்டை.* எனக்குப் பிடித்த அடையாளம் இதுதான். செம்முதுகு, பொன்முதுகு இரண்டின் தொண்டையும் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். தனியாக மீசைக் கோடு கிடையாது. பெரிய செம்முதுகின் தொண்டையோ வெள்ளை, அதில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும். கன்னத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் சேர்ந்து நடுவில் ஒரு வெள்ளைத் தீவை வளைத்துக்கொண்டு இருக்கும். வெண்பிடரிக்கும் வெள்ளைத் தொண்டையில் கோடுகள்தான். ஆக, கறுப்பில் வெள்ளைப் புள்ளியா, வெள்ளையில் கறுப்புக் கோடா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் எந்தப் பிரிவு என்பது முடிந்தது. அலகு கறுப்பாகத் தெரிந்தும் தொண்டை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தால் வெண்பிடரியை நினையுங்கள்.

*உச்சந்தலை.* ஆண் பறவைகளில் நான்குக்கும் கொண்டை சிவப்பு, அதனால் ஆணின் தலையை வைத்து ஒன்றும் பிரிக்க முடியாது. பெண்ணைப் பார்த்தால் அதிர்ஷ்டம். செம்முதுகு, பொன்முதுகுப் பெண்ணுக்கு நெற்றியும் முன்தலையும் கறுப்பில் வெள்ளைப் பொட்டு, பின்கொண்டை மட்டும் சிவப்பு. பெரிய செம்முதுகுப் பெண்ணுக்குத் தலையில் சிவப்பே கிடையாது, முழுக் கொண்டையும் கறுப்பில் வெள்ளைப் பொட்டு. வெண்பிடரிப் பெண்ணுக்குக் கொண்டை மஞ்சள். இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கும். செம்முதுகுப் பெண்ணின் புள்ளி நெற்றியை மட்டும் பார்த்துவிட்டு "கறுப்புத் தலை, பெரிய செம்முதுகு" என்று எழுதிவிடுவார்கள். கொண்டையின் பின்முனை வரை பார்த்த பிறகே எழுதுங்கள்.

*பிடரி.* வெண்பிடரிக்குப் பின்கழுத்திலிருந்து முதுகின் மேல்பகுதி வரை வெள்ளை இறங்கும், அதன் இரு பக்கமும் கறுப்பு. முதுகைக் காட்டி நிற்கும்போது இதைத் தவறவிடவே முடியாது. செம்முதுகுக்கும் பொன்முதுகுக்கும் பின்கழுத்து கறுப்பு.

*இடுப்பு.* வாலுக்கு மேலே, சிறகை விரித்தால் மட்டும் தெரியும் இடம். பெரிய செம்முதுகுக்குச் சிவப்பு. பொன்முதுகுக்குக் கறுப்பு, செம்முதுகுக்கும் கறுப்புத்தான். மரத்தில் நிற்கும்போது சிறகு மூடிவிடும். ஆகவே பறவை பறக்கப்போகிறது என்று தெரிந்தால் தலையை விட்டு இடுப்புக்குப் பார்வையைக் கொண்டுவாருங்கள். பறக்கும் முன் பெரும்பாலும் கொத்துவதை நிறுத்தித் தலையைத் திருப்பும், அதுதான் உங்களுக்குச் சைகை.

அலகு, தொண்டை, உச்சந்தலை மூன்றும் ஒத்துப்போனால் போதும். மூன்றில் ஒன்று முரண்பட்டால், முரண்பட்டதை மறுபடி பாருங்கள். அதை மறந்துவிட்டு மற்ற இரண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

7. இப்போது முதுகு

அலகு கறுப்பு, தொண்டை கறுப்பில் வெள்ளைப் புள்ளி. சரி, டைனோபியம் பிரிவு. இனி பொன்முதுகா செம்முதுகா?

வடக்கே யாழ்ப்பாணத்தில் முதுகு பொன். தெற்கே போனால் சிவப்பு. இரண்டும் சந்திக்கும் பட்டி வடமத்திய உலர்வலயத்தின் குறுக்கே கிடக்கிறது, திருகோணமலை அதன் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பட்டியில் இரண்டும் இணை சேர்ந்து குஞ்சு பொரிக்கின்றன. அதனால்தான் இங்கே மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, நடுவில் சிவந்து ஓரத்தில் மஞ்சளான கலவை என்று எல்லா விதமும் வரும். 2016இல் வெளியான உடலமைப்பு, மரபணு ஆய்வு ஒன்று செம்முதுகைத் தனி இனமாகவே கொள்ளலாம் என்று காட்டியது. இடையில் கலப்பு இருந்தாலும் இரண்டு கரையும் தனித்தனிதான்.

ஆகவே நம் ஊரில் "சிவப்பு" என்றோ "மஞ்சள்" என்றோ ஒரு சொல்லில் எழுதுவது பயனில்லாத குறிப்பு. நான் செய்வது இது. முதுகை மூன்று இடமாகப் பிரித்துப் பார்ப்பேன்: தோள், முதுகின் நடு, மூடிய சிறகின் ஓரம். ஒவ்வொன்றுக்கும் தனியாக நிறம் எழுதுவேன். தோள் சிவப்பாக இருந்து சிறகோரம் மஞ்சளாக இருந்தால் கலப்பு என்று சந்தேகிக்கலாம். மூன்றும் ஒரே பொன்னாக இருந்தால் பொன்முதுகு, மூன்றும் ஒரே இரத்தச் சிவப்பாக இருந்தால் செம்முதுகு என்று எழுதலாம். நடுவில் எதுவானாலும் "இடைநிறம்" என்று எழுதி நிறத்தை விவரியுங்கள். அதை வலிந்து ஓர் இனத்துக்குள் திணிக்க வேண்டாம்.

வெளிச்சத்தையும் எழுதுங்கள். சூரியன் எழுந்த முதல் அரைமணி நேரத்து வெயில் செம்மஞ்சள், அதில் பொன்முதுகும் சிவந்து தெரியும். அடர்ந்த இலைக்குக் கீழே பச்சை நிழலில் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். கைப்பேசியில் எடுத்த படமும் நிறத்தைக் கூட்டிக் காட்டும். நிறத்துக்கு நம்பக்கூடியது எட்டு மணிக்குப் பிறகு, திறந்த கொப்பில், சூரியன் உங்கள் பின்னால் இருக்கும்போது கண்ணால் பார்த்தது.

8. காட்டில் வரக்கூடிய மற்றவை

சிறிய பழுப்பு மரங்கொத்தி மெல்லிய கொப்பு நுனியில்தான் இருக்கும். பழுப்பு முதுகில் வெள்ளைப் பட்டை, கண்ணுக்கு மேல் அகலமான வெள்ளைப் புருவம். மஞ்சள் உச்சி மரங்கொத்திக்கு முதுகும் சிறகும் கறுப்பில் வெள்ளைப் புள்ளி, ஆணுக்குப் பின்தலை சிவப்பு, முன்தலை மஞ்சள். உலர்வலயத்துப் பறவை, முட்காட்டிலும் வரும்.

முழுதும் செம்பழுப்பாக, உடம்பெல்லாம் மெல்லிய கறுப்புப் பட்டையோடு ஒன்று கண்டால் செம்பழுப்பு மரங்கொத்தி. மரத்தில் எறும்புகள் கட்டும் கறுத்த பந்துபோன்ற கூட்டைக் குடைந்து, எறும்பு இருக்கும்போதே அதற்குள் முட்டையிடும் பறவை இது. அந்த எறும்புக் கூடுகள் இருக்கும் மரங்களைக் கவனித்து வைத்தால் பலன் உண்டு. பச்சை உடம்பும் மஞ்சள் கொண்டையும் கண்டால் சிறிய மஞ்சட்பிடரி மரங்கொத்தி, அடர்ந்த காட்டில்.

9. அந்த இடத்திலேயே எழுதுதல்

வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று நினைக்காதீர்கள். வழியில் மனம் தானாகவே இடைவெளிகளை நிரப்பிவிடும், புத்தகத்தில் பார்த்த படம் கண்ணால் கண்டதன்மேல் வந்து உட்கார்ந்துவிடும். பறவை பறந்தவுடன், புத்தகத்தைத் திறக்கும் முன்பே, எழுதுங்கள்.

என் கொப்பியில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

"காலை 8.20. கன்னியா, வீதியிலிருந்து ஏறத்தாழ 25 மீற்றர். பட்ட பாலை, நடுக்கொப்பு. வெயில் என் பின்னால். அலகு கறுப்பு, அடி வரை. தொண்டை கறுப்பில் வெள்ளைப் புள்ளி. நெற்றி புள்ளி, பின்கொண்டை சிவப்பு: பெண். தோள் சிவப்பு, நடு செம்மஞ்சள், சிறகோரம் மஞ்சள். இடுப்பு பார்க்கவில்லை. குரல்: கி-கி-கிர்ர் பறக்கும்போது."

"இடுப்பு பார்க்கவில்லை" என்ற சொல்லை முக்கியமாக எழுதுங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுகிறவரின் மற்ற வரிகளை எல்லோரும் நம்புவார்கள்.

ஈபேர்ட் போன்ற இணையப் பதிவில் ஏற்றுகிறவர்கள், இனம் நிச்சயமில்லை என்றால் பொதுவாக மரங்கொத்தி என்ற வகையில் போட்டு, குறிப்பில் நிறங்களை எழுதலாம். ஒரு தடவை நானும் முதுகின் சிவப்பை மட்டும் வைத்து "பெரிய செம்முதுகு" என்று எழுதியிருந்தேன். பிறகு கூட வந்தவர் எடுத்த படத்தில் அலகு நல்ல கறுப்பு. பதிவைத் திருத்தினேன். அந்த வருடத்து மற்றப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அலகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாதவை எல்லாவற்றையும் பெயர் நீக்கி விட்டேன்.

10. பொந்து கண்டால்

பட்ட மரத்தில் வட்டப் பொந்து கண்டவுடன் மரங்கொத்தியின் கூடு என்று முடிவு செய்யாதீர்கள். குக்குறுவானும் மரத்தைக் குடைந்து பொந்து செய்யும். மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் மைனாவும் கிளியும் குடியேறும். யார் உள்ளே போய் வெளியே வருகிறார்கள் என்று தூரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

பறவை உள்ளே இருப்பது உறுதியானால் நாற்பது மீற்றராவது தள்ளிப் போய்விடுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். தாய் வாயில் இரையோடு பக்கத்து மரத்தில் நின்று உள்ளே போகாமல் கத்தினால், அதற்குக் காரணம் நீங்கள்தான். மரத்தைத் தட்டிப் பார்ப்பது, ஏறி எட்டிப் பார்ப்பது, கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பது மூன்றும் வேண்டாம். அந்தக் குரலைக் கேட்டால் வேறொரு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டதென்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தைச் சண்டைக்குச் செலவழிக்கும். முட்டையோ குஞ்சோ எடுப்பது சட்டப்படி குற்றம்.

பொந்துள்ள பட்ட மரம் உங்கள் வளவிலேயே நின்றால், வீட்டுக்கும் வழிக்கும் விழும் ஆபத்து இல்லையென்றால், விறகுக்கு வெட்டாமல் விட்டுவையுங்கள். எங்கள் பக்கத்து வளவில் உச்சி போன தென்னை ஒன்று நிற்கிறது. வளவுக்கார அம்மா அதை வெட்டக் கூலிக்கு ஆள் பேசியிருந்தார். "அம்மா, மேலே பாருங்கோ" என்று பைனாகுலரைக் கையில் கொடுத்தேன். பொந்து வாசலில் சிவப்புக் கொண்டையொன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "மூக்கு கறுப்புத்தானே தம்பி?"